திருத்தியவருக்கும் பங்கு

மார்ச் 3, செவ்வாய்
அக்கா இன்று எங்கள் இணையதளத்தில் அறிவித்தே விட்டாள்: பழுதுபார்ப்புக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இனி விளம்பர வருமானத்தில் பாதி! ஆறு வருடமாக இலவசமாக எழுதித் தந்தவர்கள். மிக்சியோ தையல் மெஷினோ, எதைப் பிரித்து மாட்டவும் எங்கள் தளத்தில் வழி இருக்கிறதென்றால் அவர்களால்தான். பங்கு பிரிக்கும் மென்பொருள் என் பொறுப்பு.
"எத்தனை நாள்டி ஆகும்?"
"ரெண்டே நாள்க்கா."
கை பரபரக்கிறது.

மார்ச் 5
ஓடுகிறது! முதல் தடவையே ஓடுகிறது!

மார்ச் 6
ஓடினால் போதுமா? பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை பார்த்தேன். முதலிடம், அதிகக் குறிப்பு எழுதிய மெக்கானிக் அண்ணனுக்கு. நியாயம்தான். டியூஷன் டீச்சருக்குப் பூஜ்யம். அவர் எழுதுவதில்லை, மற்றவர்கள் எழுதியதைத் திருத்துகிறார். ஒயரை மாற்றிச் சொன்ன குறிப்பை அவர் கவனிக்காமல் போயிருந்தால் யார் கை கருகியிருக்குமோ. இரண்டாயிரத்துச் சொச்சம் திருத்தங்கள்! நான் எழுதிய மென்பொருளின் கணக்கில் அப்படி ஓர் ஆளே இல்லை.

"இந்த மாசம் இப்படியே அனுப்பிடு. டீச்சருக்கு அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் அக்கா.
"முதல் தடவையே அவங்கள விட்டுட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு திருத்தித் தாங்கன்னு கேப்ப?"
"சரி, நிறுத்தி வை," என்றாள்.

மார்ச் 11
திருத்தத்தையும் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறேன்; இங்கே ஒட்டுப் போட்டால் அங்கே கிழிகிறது. ஒரு காற்புள்ளி சேர்த்தவரும் ஓர் உயிரைக் காப்பாற்றியவரும் ஒன்றா? அதை மெஷினுக்கு எப்படிச் சொல்ல?

மார்ச் 14
தளம் முழுக்கத் திட்டு. "காசு தரேன்னு காது குத்துறீங்களா?" — மெக்கானிக் அண்ணன்தான். தாமதத்துக்குக் காரணத்தை ஒளிக்காமல் எழுதிப் போட்டேன். அரை மணி நேரத்தில் அவரே போன் செய்தார்.
"டீச்சருக்காகவா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏம்மா கத்தப் போறேன்? எது பெரிய திருத்தம்னு மெஷினுக்குத் தெரியலன்னா எழுதினவங்களக் கேளுங்க. நாங்க மார்க் போடறோம்."
அட! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? உட்கார முடியாமல் அறைக்குள்ளேயே நடக்கிறேன்.

மார்ச் 19
தங்கள் பங்கு குறையுமே, எழுதினவர்கள் மார்க் போடுவதில் கஞ்சத்தனம் செய்வார்களோ என்று பயந்தேன். எங்கே! அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். டீச்சர் இரண்டாம் இடம்! அக்காவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

மார்ச் 24
பணம் போய்விட்டது. ஏழு பேருக்கு இரண்டு முறை! எட்டுத் தடவை சோதித்தேனே, எங்கிருந்து முளைத்தது இது? ஏழு பேரும் சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 30
டீச்சரிடமிருந்து செய்தி: "உங்க பணம் வந்ததும் சாயங்கால டியூஷன்ல ஒண்ண விட்டுட்டேன். அந்த நேரத்துல உங்க பழைய குறிப்புகள முதல்லேருந்து படிச்சிட்டு வரேன்."
தளத்தைத் திறந்தால் பதினேழு திருத்தங்கள். ஆறு வருடத்துக்கு முன் இஸ்திரிப்பெட்டி பற்றி நான் எழுதிய குறிப்பிலும் ஒன்று. படித்துப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான்.
முழு மார்க் போட்டேன்.