கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?

ஜூலை 8, திங்கள்

தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறதாம். கத்திக் கத்தியே வந்ததாம். நாலு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுவென்று பேசலாமா என்று கேட்டேன். "அது இன்னும் கெடுதல். எழுதிக் காட்டுங்க. பழைய குரல் அப்படியே திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

மைக் இல்லாமலே மைதானத்தை அடக்கிய குரல். வெண்கலக் குரல் என்பார்கள். வரும் வழியெல்லாம் அழுதேன், அதையும் சத்தமில்லாமல். வீட்டுக்காரர் பைக்கை ஓட்டிக்கொண்டே, "கல்யாணமான நாள்லேருந்து கேட்ட வரம், கடவுள் இப்பத்தான் குடுத்திருக்கார்" என்றார். முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குக் குரல் தேவையில்லை.

பேசாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

தலைமையாசிரியை கூப்பிட்டார். "பேசாம எப்படிக் கணக்கு நடத்துவீங்க? ஏழாம் வகுப்பை வேற டீச்சருக்குக் குடுத்துடறேன். நீங்க லைப்ரரியைப் பாத்துக்குங்க, நிம்மதியா இருக்கலாம்." நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் எரிந்தது. அந்த லைப்ரரியில் பாதி உடைந்த நாற்காலிகள். கொஞ்ச நாளைக்கு என்று அங்கே போன ஓவிய டீச்சர் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

'அடுத்த வெள்ளி வரைக்கும் டைம் குடுங்க மேடம்' என்று எழுதி நீட்டினேன். "சரி, அன்னிக்கு நான் வந்து உட்கார்ந்து பாக்கறேன். பிள்ளைங்க படிப்பு கெடக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

என் வகுப்பை எவளுக்கோ தூக்கிக் குடுப்பாங்களா? பாத்துடலாம்.

ஜூலை 10, புதன்

பலகைப் பக்கம் திரும்பினால் சந்தைக்கடை. டஸ்டரால் மேசையை அடித்து அடித்துத் தோள் வலி. போதும்டா சாமி.

ஜூலை 11, வியாழன்

கம்ப்யூட்டர் டீச்சர் தினமும் காலையில் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் 'இன்றைய டிப்ஸ்' போடுவாள். செல்போனை புரொஜெக்டரில் மாட்டுவது, வினாத்தாளை மார்ஜினுக்குள் அடக்குவது, இந்த மாதிரி. சின்னப் பெண், நேற்று வந்தவள். ஒவ்வொன்றுக்கும் நான் கொட்டாவி விடும் முகத்தைப் போட்டுவிட்டுப் போவேன். இன்று அவள் வாசலில் போய் நின்றேன். வேறு வழி?

குத்திக் காட்டுவாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அக்கா, கொரோனாவுல ஸ்கூல் மூடியிருந்தப்போ நீங்க போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பின பாடமெல்லாம் ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு. உங்க குரல் எங்கேயும் போயிடல" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சனியன், இந்த வாரம் முழுக்க இதே வேலையாகப் போயிற்று.

ஜூலை 13, சனி

பழைய பதிவுகளிலிருந்து என் வாக்கியங்களை வெட்டி எடுத்து, லேப்டாப் திரையில் சின்னச் சின்னப் படங்களோடு கோத்துவிட்டாள். நோட்டுப் படத்தைத் தொட்டால், 'நோட்டை எடுங்க!' நாற்காலியைத் தொட்டால், 'உட்காருங்க!' காது படத்தைத் தொட்டால், 'கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?' ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைக் கேட்பேனோ. மற்றதெல்லாம் டைப் செய்தால் புரொஜெக்டரில் பெரிதாகத் தெரியும்.

கதவுப் படம் ஒன்று வைத்து அதில் 'வெளியே போ!' போடு என்று எழுதிக் காட்டினேன். "திட்டு வேணாம் அக்கா, கை தவறும்" என்றாள். அது இல்லாமல் என் வகுப்பு ஓடாது என்று அடம் பிடித்தேன். வைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

ஓடுகிறது! முதல் நாள் சிரித்தார்கள், ரோபோ டீச்சர் என்றார்கள். இன்று நான் டைப் செய்யும்போது அடுத்த எழுத்து என்ன வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் மின்விசிறி இவ்வளவு கிறீச்சிடுகிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

ஜூலை 19, வெள்ளி

ஐயோ. ஐயையோ.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். நாற்காலியைத் தொடப் போன என் விரல் பக்கத்தில் இருந்த கதவில் பட்டுவிட்டது. 'வெளியே போ! என் மூஞ்சியிலேயே முழிக்காதே!' என்று முழுச் சத்தத்தில் என் குரல். பதறி மறுபடி தொட்டேன். மறுபடி வெளியே போ! தலைமையாசிரியை வாசலிலேயே உறைந்துவிட்டார். பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். முடிஞ்சுதுடி உன் கதை, லைப்ரரிக்குக் கிளம்பு என்று நினைத்தேன்.

அவசர அவசரமாக டைப் செய்தேன். கதவருகே நின்றவருக்குத் திரை தெரியவில்லை. அப்போது கடைசி பெஞ்சில் ஒரு குரல். நான் ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருக்கிற பெண். வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவள் திரையைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "மேடம், அது உங்களுக்கு இல்ல. கை தவறிடுச்சு. மன்னிச்சிடுங்க. தயவுசெஞ்சு உட்காருங்க." குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. தலைமையாசிரியை உட்கார்ந்தார். பிறகு நான் டைப் செய்த பின்னக் கணக்கு முழுவதையும் அவளே வாசித்தாள். கடைசியில் ஒரு இடத்தில், "டீச்சர், கீழே ஆறு வரணும், நீங்க எட்டு போட்டுட்டீங்க" என்றாள்! எட்டேதான் போட்டிருந்தேன்.

போகும்போது தலைமையாசிரியை, "இந்தப் பொண்ணு பேசி நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். நடத்துங்க டீச்சர்" என்றார். வாசலில் திரும்பி, "அந்தக் கதவை மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

ஜூலை 22, திங்கள்

கதவை அழித்தேன். ஸ்டாஃப் குரூப்பில் வாழ்க்கையில் முதல்முறையாக நானும் ஒன்று போட்டேன்: 'இன்றைய டிப்ஸ்: பிள்ளைகளைத் திட்ட வேண்டுமானால் டைப் செய்யுங்கள். முடிப்பதற்குள் கோபம் போய்விடும்.'

கம்ப்யூட்டர் டீச்சர் உடனே கொட்டாவி விடும் முகத்தைப் போட்டாள். கழுதை. சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தால் செத்திருப்பேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

டாக்டர் பேசச் சொன்னார். பேசினேன். இதுவா என் குரல்? தகரத்தை உரசின மாதிரி, அதுவும் கை எட்டும் தூரத்துக்குத்தான். "இவ்வளவுதான் வரும். கத்தினா இதுவும் போயிடும்" என்றார். வீட்டுக்காரர் இன்று கேலி செய்யவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நல்லாக் கேக்குதும்மா" என்றார். இவருக்குக் கேட்டு என்ன? ஏழாம் வகுப்புக்குக் கேக்கணுமே.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லேப்டாப்பைத் திறக்காமலே வகுப்பில் நின்றேன். பயமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். பழக்கத்தில் வாயில் வந்தது அதேதான். வந்த சத்தத்தில் கேட்டேன்: "கடைசி பெஞ்சுக்குக் கேக்குதா?"

ஒருவரும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. எத்தனையோ வருடமாகக் கேட்கிறேன், அங்கிருந்து ஒருநாளும் பதில் வந்ததில்லை.

"கேக்குது டீச்சர்" என்றாள் அவள்.

நோட்டை எடுக்கச் சொல்லிவிட்டு, விகிதம் ஆரம்பித்தேன்.