செருப்படி வாங்கிய குழாய்கள்

பிப்ரவரி 3
கடைக்குக் குழாய் வாங்க வந்தவர், உள்ளே யாரையோ அடிக்கிறார்களே என்று பயந்து போனார். அடிப்பது என் மகள், அடி வாங்குவது பிளாஸ்டிக் குழாய் என்றேன். குழாயின் வாயில் ரப்பர் செருப்பால் ஒரு போடு போட்டால் ‘பூம்’ என்கிறது. பள்ளிக் கண்காட்சியில் ஒலியைப் பற்றிச் செய்து காட்ட வேண்டுமாம். நன்றாக வந்தால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவுக்குச் சிபாரிசு செய்வதாக அறிவியல் வாத்தியார் சொல்லியிருக்கிறார். மதிப்பெண்ணை நம்பினால் அவளுக்கு அது கிடைக்காது.

பிப்ரவரி 6
சுரத்துக்கு ஒரு குழாய். மாடிப்படி மாதிரி ஒவ்வொன்றிலும் நாலு விரல் குறைத்து வெட்டிக் கொடுத்தேன். கண்ணுக்கு அழகு, காதுக்கு இழவு. மகள் கைபேசியில் சுருதி பார்த்துவிட்டு, “நீளக் குழாய்ல நாலு விரல் போனா ஒண்ணுமில்லம்மா. குட்டிக் குழாய்ல போனா பாதி உசுரே போயிடும்” என்றாள். அளவு பார்த்து வெட்டக் கூடாதாம், பங்கு பார்த்து வெட்ட வேண்டுமாம். ரம்பத்தையும் பிடுங்கிக்கொண்டாள். வெட்கமா? எனக்கா?

பிப்ரவரி 12
தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். விருந்தினர் முன்னால் செருப்பா, அரங்கத்துக்குள் செருப்பே வரக் கூடாது, அதற்குத்தானே வாசலில் அலமாரி இருக்கிறது என்றார். வேறு எதனாலாவது அடிக்கட்டும், இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவாராம்.
“புதுச் செருப்புதான் டீச்சர், இன்னும் யார் காலையும் பாக்கல” என்றேன்.
சிரிக்கவில்லை. சிரித்தால் வரி போடுவார்கள் போல.

பிப்ரவரி 13
மரக்கட்டை — டொக். அட்டை — புஸ்.
எதற்கு வம்பு, அட்டையாலேயே அடிக்கட்டும் என்கிறார் வீட்டுக்காரர். “செருப்புதான்ப்பா வாய மூடி உள்ள இருக்கற காத்தத் தள்ளுது. வராத சத்தத்த வச்சு நான் என்னத்த விளக்கறது?” என்றாள் மகள். அவர் வாயும் மூடியது. காற்றுகூட வரவில்லை.
நான் ஐந்தாவதோடு நின்றவள். நிற்கிறாயா என்று என்னை யார் கேட்டார்கள்? இவளையும் நிறுத்திடுவாங்களா — பாத்துடலாம்.

பிப்ரவரி 19
பெயரை எடுத்தே விட்டார்கள்.

பிப்ரவரி 21
கண்காட்சி. காலையிலேயே குழாய்களைக் கட்டிக்கொண்டு போனோம். உள்ளே போகவில்லை. வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினோம். காவலாளி ஓடி வந்தார்.
“செருப்ப வெளியில விடச் சொன்னாங்கண்ணே. விட்டிருக்கோம்” என்றேன்.
உள்ளே பேச்சு, வெளியே பூம். செருப்பு எடுக்க வந்தவர்கள் நின்றார்கள். பிறகு அவரவர் செருப்பால் அவரவரே அடித்துப் பார்த்தார்கள். மகள் விளக்கிக்கொண்டே இருந்தாள். பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று, ஆளுக்கொரு செருப்போடு — அடடா, கண் கொள்ளவில்லை.
தலைமையாசிரியை வந்தார். கூட்டம் ஒதுங்கியது. கடைசிக் குழாய் ஏன் இத்தனை குட்டை என்று கேட்டார். முதல் குழாயின் நீளத்தில் பாதி என்றால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும் என்று மகள் இரண்டையும் அடித்துக் காட்டினாள்.
“சத்தம் அரங்கத்துக்குள்ள வரைக்கும் கேக்குது” என்றார்.
“கேக்கணும்னுதான் டீச்சர்.”
எங்கே கற்றாளோ இந்த வாயை.

ஜூன் 9
மகள் மேல்வகுப்பு இயற்பியல் புத்தகத்தை நீட்டி அட்டை போட்டுத் தரச் சொன்னாள். திறந்து பார்த்தேன், ஒரு வரியும் விளங்கவில்லை. அடுத்த பக்கமும் அப்படித்தான். விளங்காவிட்டால் மூடி வைக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?
“அட்டை மட்டும்தானம்மா போடச் சொன்னேன்” என்கிறாள்.
இருடி, படிச்சுட்டுத் தரேன்.