தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள்

அப்பா,

கண்ணாடித் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடைக்குப் போகிறேன். சோதித்துச் சொல்வார்களாம். சாவி பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கிறது. சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன்.

தொட்டிக்குள் நட்ட தண்ணீர்ச் செடியோடு வந்த தாளை இன்றுதான் படித்தேன். செடி வேர்பிடித்து, கல்லில் பாசி படிய ஒரு மாதமாவது ஆகுமாம். அதற்குப் பிறகுதான் இறால் விட வேண்டுமாம். நீங்கள் வாங்கி வந்த அன்றே விட்டுவிட்டீர்கள். பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டு அறைக்குள்ளேயே கிடக்கிற மகள், இதைப் பார்க்கவாவது வெளியே வருவாள் என்ற அவசரம் உங்களுக்கு.

நேற்று, செத்த இறால்களை நீங்கள் வலையில் அள்ளும்போது, "உங்க கையில குடுத்தது எதுதான் பிழைச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். இறாலைத்தான் சொன்னேன் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அம்மாவை நினைத்துத்தான் சொன்னேன். ஐந்து மாதம் ஆஸ்பத்திரித் தரையில் நீங்கள் படுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தும் சொன்னேன். என்னை மன்னித்துவிடுங்கள் அப்பா.

இறாலோடு விட்ட நத்தை இரண்டும் தொட்டியில் உயிரோடு இருக்கின்றன. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், குளோரின் போகட்டும் என்று வாளியில் பிடித்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் என்னோடு பேச மனம் வராவிட்டால் பேச வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.