மஞ்சளில் நனைத்த நீலத்தாள்

786

காரைக்கால்
1955, கந்தூரி கழிந்த மூன்றாம் நாள்

கண்ணான மகன் மன்சூர் அலிக்கு, உன் உம்மா சுல்தான் பீவி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் வாப்பாவும் தங்கை கமர் நிஷாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். சைகோனில் நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் உன் கையெழுத்து மெலிந்திருப்பதைப் பார்த்தால் நீயும் மெலிந்திருப்பாய் என்றுதான் எனக்குப் படுகிறது. கந்தூரிக்கு ஒன்றும் அனுப்ப முடியவில்லை, எந்த முகத்தோடு ஊருக்கு வருவேன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறாயே, உன்னிடம் யாரப்பா கேட்டது? இத்தனை வருஷம் நீ அனுப்பித்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, ஒவ்வொரு தொழுகையிலும் அதைச் சொல்லி ஷுக்ர் செய்கிறேன். அங்கே சண்டையும் குழப்பமும் வந்து முதலாளி கடையைப் பாதி சாத்தினால் நீ என்ன செய்வாய். இங்கேயும் அந்தக் கதைதான். போன ஐப்பசியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கியதோடு சுங்கச் சாவடியும் போய்விட்டது. சீமைச் சாமான் மலிவு என்று கும்பகோணத்திலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனவர்கள் இப்போது இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. உன் வாப்பா காலையில் கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டிவிட்டு மத்தியானம் சாப்பிட வருகிறார், வந்து குழம்பில் உப்பு இல்லை என்கிறார்.

இப்போது நல்ல சேதி சொல்லுகிறேன், ஆனால் நடந்தபடிதான் சொல்லுவேன், நீ கடைசி வரிக்குத் தாவக் கூடாது. கமர் நிஷாவைத் திருமலைராயன்பட்டினத்திலிருந்து கேட்டு வந்திருந்தார்கள். சேக் பரீது என்பவரின் மகன், பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான பிள்ளை. அந்த சேக் பரீது யார் தெரியுமா, வெள்ளைக்காரன் காலத்தில் கொடி பிடித்து ஊர்வலம் போய்ப் போலீசில் அடி வாங்கி, எல்லை தாண்டி நாகூரில் போய் இருந்தவர். அடிபட்ட இடது கையை இன்னும் தோளுக்கு மேல் தூக்க முடியாது. அவரும் பெண்டாட்டி மஹ்பூபாவும் கந்தூரியன்று சாயங்கால அசர் தொழுகை நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறோம், தர்காப் பல்லக்கையும் பார்த்துக்கொண்டு பெண்ணையும் பார்த்துக்கொண்டு பேசி முடிப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் கடை நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பவில்லை. இதுவும் தட்டிப் போனால் அந்தப் பெண் வாய் திறந்து அழக்கூட மாட்டாள், அவள் சுபாவம் உனக்குத் தெரியும்.

தெருவெல்லாம் தோரணம் கட்டும் நாளில் நம் வீடு மட்டும் மொட்டையாக நின்றால் நன்றாகவா இருக்கும். காசு கொடுத்து வாங்க வழியில்லை. கமர் நிஷாதான் தொடங்கினாள். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளிடம் சொல்லி ஒரு கூடை கிளிஞ்சல் வரவழைத்து, ஓட்டை போட்டு வாழைநாரில் கோத்து நிலைப்படிக்குத் திரை மாதிரி தொங்கவிட்டாள். காற்றடித்தால் கலகலவென்று நல்ல சத்தம். சிகரெட் பெட்டி ஈயத்தாளை நீவி நட்சத்திரம் வெட்டினாள். தென்னங்குருத்தில் கிளி முடைந்தாள். தோரணத்துக்குத்தான் தாள் இல்லை. உன் வாப்பா கடையின் பரணிலிருந்து ஒரு கட்டு வண்ணத்தாளை இறக்கிக்கொண்டு வந்து போட்டார். விற்காமல் கிடந்த சரக்கு. அரிசிக்கஞ்சியில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சினேன், அவள் பிறையும் நட்சத்திரமுமாக வெட்டி ஒட்ட ஒட்ட, உன் வாப்பா கூரைக்கும் வாசல் கம்பத்துக்கும் கட்டினார். சாயங்காலம் தள்ளி நின்று பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒரே பெருமை.

மறுநாள் கந்தூரியன்று காலையில் எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா சோமசேகரன் வாசலில் நின்று, என்ன மரைக்காயரே, வெள்ளக்காரன் திரும்பி வர்றானா, உங்களுக்கு மட்டும் சொல்லி அனுப்பிச்சானா என்று சிரித்தார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தத் தாள் ஜூலை மாதம் சர்க்கார் திருநாளுக்காக வருஷா வருஷம் வரவழைக்கிற தாள். நீலம், வெள்ளை, சிவப்பு, அப்படியே பிரெஞ்சுக் கொடி. கமர் நிஷா சின்னப் பிள்ளையிலிருந்து கடை வாசலுக்கு அந்த வரிசையில் ஒட்டிப் பழகியவள், கை தானாக அப்படியே ஒட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து திருநாள் என்றால் அந்த மூன்று நிறத்தைப் பார்த்தே வளர்ந்த எங்கள் கண்ணுக்கும் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. அடி வாங்கின மனிதர் நம் வீட்டு வாசலில் வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? போதாததற்கு, சைகோன் போன பையன் பிரெஞ்சுக்காரனாகவே ஆகிவிட்டான் என்று உன்னைப் பற்றி வேறு ஊரில் பேச்சு. எல்லாவற்றையும் பிய்த்து எறியுங்கள் என்று கத்தினேன். கந்தூரியும் அதுவுமாய் வீடு மையித்து எடுத்த வீடு மாதிரி கிடக்கணுமா என்று உன் வாப்பா திருப்பிக் கத்தினார். கமர் நிஷா சமையலுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவள், கையைக் கூடக் கழுவாமல் ஓடிவந்து ஒரு சரத்தை அவிழ்த்தாள். அவள் விரல் பட்ட இடத்தில் நீலம் பச்சையாகியிருந்தது. உம்மா, இங்க பாருங்க என்றாள். அவ்வளவுதான், அம்மியில் இருந்த மஞ்சள் முழுவதையும் கஞ்சித் தண்ணீரில் கரைத்தோம். துணியில் தொட்டுத் தொட்டு லேசாகத் தடவினால் நீலம் தர்காக் கொடி மாதிரி பச்சையாயிற்று, வெள்ளை மஞ்சளாயிற்று, சிவப்பு மருதாணி நிறத்துக்கு வந்தது. காய்ந்ததும் கஞ்சி போட்ட துணி மாதிரி மொடமொடவென்று நின்றது. உன் வாப்பா உதவி செய்கிறேன் என்று ஈரச் சரத்தைப் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரில் சாய்த்து வைத்தார், சுண்ணாம்பில் மஞ்சள் பட்டுச் சுவரெல்லாம் சிவப்புத் திட்டு. அதை மறைக்க இன்னும் இரண்டு சரம் கட்ட வேண்டியதாயிற்று, நான் திட்டியதை எழுதினால் தாள் போதாது.

அசருக்கு வந்துவிட்டார்கள். ஆண்கள் வெளியே, நானும் மஹ்பூபாவும் திரைக்கு உள்ளே. அந்த அம்மாள் கமர் நிஷாவின் கையைப் பிடித்துப் பார்த்து, மருதாணி வைக்கிற வயசுல இது என்னம்மா மஞ்சக் கையி என்று கேட்டார். சமையல் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? உன் தங்கை ஆதியோடந்தமாக அத்தனையும் சொன்னாள், எந்தத் தாள், என்ன நிறம், எதற்காக மாற்றினோம் என்பது வரைக்கும். நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், அவள் நிறுத்தவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. சேக் பரீது எழுந்து போய் வலது கையால் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தாராம், பின்பக்கம் இன்னும் நீலம்தான். பிறகு திரைக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி உன் வாப்பாவிடம் சொன்னார், நாங்க அடி வாங்குனது கொடிய எறக்கத்தாங்க, தாளு என்ன பண்ணிச்சு, பொய்யும் சொல்லாம ஒண்ணையும் வீணும் பண்ணாம இருக்குற புள்ள, எங்க வீட்டுக்கு இது போதும், கைக்கூலி சீர்வரிசை அது இதுன்னு வாயத் தொறக்காதீங்க, நிக்காஹ் பந்தலுக்கும் இந்தத் தோரணத்தையே கட்டுங்க என்று. நான் உள்ளே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். பல்லக்கு வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது. அல்லாஹ் நமக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை மகனே.

நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். சரங்களையெல்லாம் கமர் நிஷா பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ஜும்ஆவை விடாதே, உன் வாப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, கேட்கமாட்டார், ஆனால் எதிர்பார்ப்பார். உன் ஆயுளுக்கும் ஈமானுக்கும் பரக்கத்துக்கும் எங்கள் துஆ என்றும் உண்டு. கப்பல் கூலிக்கு இருந்தால் அதுவே போதும், பெட்டி நிறையக் கொண்டுவந்தால்தான் தலைகாட்டுவேன் என்ற வீம்பை அங்கேயே கடலில் போட்டுவிடு. பந்தலில் தோரணம் கட்ட என் நானாவே வந்தாகணும் என்கிறாள் உன் தங்கை, உன் வாப்பாவுக்கு இப்போது ஏணி ஏறினால் கால் நடுங்குகிறது. இரண்டு கையிலும் சாமான் தூக்கிக்கொண்டு வருகிறவன் எப்படித் தோரணம் கட்டுவான், வெறுங்கையோடு வா.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் உம்மா,
மு. இ. சுல்தான் பீவி