பாய்லருக்கு என் கைநாட்டு

அன்பு மகனுக்கு, அப்பா சொல்ல மேல்வீட்டு டீச்சர் எழுதுவது. இருமலும் இடுப்புவலியுமாக நானும் உன் அம்மாவும் நன்றாகவே இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே சொல்கிறேன்.

பெரிய தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு நாலு தெரு மிதந்ததே, உன் தங்கைக்குக் கல்யாணம் நடந்ததே, அந்த வருஷம்தான் நான் அட்டை ஆலையில் பாய்லர் வேலையை விட்டேன். பதினோரு வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள் போன திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றார்கள். புது மேனேஜரே நேரில். பழைய பாய்லரை மறுபடி மூட்டப்போறோம், உங்க கை பட்டாத்தான் பெரியவரே அது பேச்சுக் கேக்கும்னு பேச்சில் ஒரே தேன். நான் வேலையை விட்ட அன்று போய்ட்டு வாங்கன்னுகூடச் சொல்லாத இடம் அது. அப்போதே எனக்கு உள்ளே உறுத்தியது. உங்க பையன்கிட்டயும் பேசிட்டேன், சரின்னுட்டார்னு வேறு சொன்னார். உன் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? நீ நிஜமாகவே சரி என்றாயா? இதற்கு நேரான பதில் வேண்டும்.

இருந்தாலும் போனேன். மூட்டுவலிக்கார துரை எங்க கிளம்பிட்டீங்கன்னு உன் அம்மா கேட்டாள். ஏணியில் மூச்சு வாங்கியது, ஆனால் சுத்தியலைத் தொட்டதும் மணிக்கட்டு தானாகவே பழைய பழக்கத்துக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே நெருப்புப் பார்க்கிறவனுக்கு மீட்டர் என்று பட்டப்பெயர், முள்ளைத் தவிர எதையும் பார்க்க மாட்டான். நான் தட்டித் தட்டிக் காதை வைப்பதைப் பார்த்து, என்ன தாத்தா, உள்ள யாராவது இருக்காங்களான்னு சிரித்தான். நல்ல தகடு கணீர் என்னும். பாய்லரின் அடிவயிற்றில் நெருப்புப் படுகிற இடம் மட்டும் ஈரச் சாக்கைத் தட்டின மாதிரி பொத்தென்றது. அங்கே மட்டும் புதுப் பெயின்ட். நகத்தால் சுரண்டினேன், ஒரு மாதம் தாங்கினால் போதும் என்று அந்தக் காலத்தில் நாங்கள் வைத்த ஒட்டுத் தகட்டின் விளிம்பு தெரிந்தது.

இறங்கியதும் மேனேஜர் ஒரு தாளும் மைப்பெட்டியுமாக நிற்கிறார். எழுத்து தெரியாதவன் எந்தத் தாளையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்ல வேண்டும், நான் பிழைத்ததே அப்படித்தான். அவரே வாசித்தார். முதல் தடவை, என் காலத்தில் இந்த பாய்லரில் எந்த ஒட்டும் போடவில்லை என்று ஒரு வரி வந்தது. என் முகம் மாறியதைப் பார்த்திருப்பார். இரண்டாம் தடவை அந்த வரியைக் காணோம். அதே தாள்தான், தாளில் இருக்கிற வரி எங்கே போகும்? வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்றேன். உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, வீட்டுக்கு எதுக்குன்னார். வெள்ளிக்கிழமை கைநாட்டு வைக்கிறேன் என்று சொல்லி நழுவி வந்துவிட்டேன்.

வைக்க மாட்டேன். அது வெடித்தால் பக்கத்துக் கொட்டகையில் அட்டை அடுக்குகிற முப்பது பெண்களும் போவார்கள், பழி என் கட்டைவிரலில் இருக்கும். பாய்லர் இன்ஸ்பெக்டருக்கும் டீச்சர் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதையும் இரண்டு தடவை வாசிக்க வைத்தேன், டீச்சருக்குக் கொஞ்சம் கோபம். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டால் அப்பாவையே கேளுங்கள் என்று மட்டும் சொல். அவருக்கு வயசாச்சு, மறதி என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் காத்திருக்கிறார்.

மழையில் நனையாதே. குழந்தையை அதட்டாதீர்கள். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு இருங்கள்.

ஏன் என்னைத் தேடி வந்தார்கள் என்று நீ கேட்பாய். அந்த ஒட்டு வைத்த அன்று நாங்கள் ஐந்து பேர். வெல்டர் நெட்டையனுக்கு முதலில் கண் போனது, பிறகு உயிர். போர்மேன் மகள் வீட்டில் போய்ச் செத்தார். உன் பெரியப்பா போனது உனக்கே தெரியும். தகடு பிடித்த சுருட்டுக்காரர் போன மாதம் கண்ணை மூடினார், அடுத்த வாரம்தான் மேனேஜர் இங்கே வந்தது.

இப்படிக்கு,
ஐந்து பேரில் மிச்சமிருக்கும்
உன் அப்பா