குசினிச் சுவரின் வெள்ளை

வீடு முழுக்கச் சுண்ணாம்பு மணம். வெள்ளையடித்து இரண்டு நாளாகியும் போகவில்லை. உமக்குப் பிடித்த மணம் என்பதால் யன்னலைத் திறக்காமல் இருந்து இதை எழுதுகிறேன்.

நீர் எங்களை விட்டுப் போன வருடம் பொங்கலும் இல்லை, வெள்ளையடிப்பும் இல்லை. இப்போது வருடம் திரும்பி உம்முடைய ஆட்டைத் திவசமும் முடிந்ததால், பொங்கலுக்கு முன் அடித்துவிடலாமென்று பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ரவியைக் கூப்பிட்டேன். எல்லா அறையும் முடித்துவிட்டு அவன் நீர் சமைத்த குசினி வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, இந்தச் சுவரை என்ன செய்யிறது?"

அதில் நீர் கடைசியாகக் கீறிய பூநாரைகள் நின்றன. செங்கல் தூளில் உடம்பு, கரியில் அலகு, துணிக்குப் போடும் நீலத்தில் சுருவில் கிராமத்துக் கடல். கனடாவிலிருந்து மகள் விடியவே போன் எடுத்துச் சொல்லியிருந்தாள்: "அப்பா, அதுக்கு மேல அடிக்க விடாதேங்கோ. அம்மான்ர கடைசிப் படம்." எனக்கும் மனமில்லை. ஆனால் நீர் இருந்தால் என்ன செய்திருப்பீர் என்பதும் எனக்குத் தெரியும்.

தெற்கில் கடை வைத்திருந்த காலமெல்லாம் நான் பொங்கலுக்கு மட்டும்தானே வீட்டுக்கு வந்தேன்? ஒவ்வொரு முறையும் சுவர் அப்போதுதான் அடித்துப் பளிச்சென்று இருக்கும். "என்னப்பா, வெறும் சுவராக் கிடக்கு" என்று கடைக் கலண்டரைக் கொழுவிவிட்டுப் பெருமையாக நிற்பேன். "ஓம், நல்ல வடிவாக் கிடக்கு" என்பீர். சிரிப்பை எங்கே ஒளித்து வைத்தீரோ!

கடையை ஒரேயடியாகப் பூட்டிவிட்டு, ஓர் ஐப்பசி மழையில் சொல்லாமல் வந்த அன்றுதான் அகப்பட்டீர். ஈரக்குடையோடு குசினிக்குள் கால் வைத்தால் சுவர் முழுக்க நண்டுகள். ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் மஞ்சள் குழைத்த சிரட்டை. குழம்பு கொதித்து வருவதற்குள் ஒரு நண்டுக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தீர்.

"வெறும் சுவரைப் பாத்துக்கொண்டு எப்பிடிச் சமைக்கிறது?" என்று என்னையே அதட்டினீர்.

கதிரையை இழுத்துப் போட்டு வாய் பிளந்து இருந்தேன். அதன்பிறகு உம்மோடு வாழ்ந்ததும் பெரும்பாலும் அப்படித்தான். வெண்டிக்காய்க் காம்பை நீலத்தில் தோய்த்துச் சுவரில் குத்திப் பூவாக்குவீர். கத்தரிக்காயை நறுக்கினால்கூட அது சுளகில் ஏதோவொரு உருவமாகத்தான் கிடக்கும், கறிக்கு அள்ள எனக்குக் கை வராது. அந்த வருடப் பொங்கலுக்கு நண்டுகளின் மேல் நீரே வெள்ளையடித்தபோது நான் துடித்துப் போனேன்.

"அடிச்சாத்தானேயப்பா திரும்பக் கீறலாம்" என்றீர். கையை நிறுத்தவும் இல்லை.

இதெல்லாம் நினைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில், ரவி யன்னலோரம் பொரிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டத் தொடங்கினான். உள்ளங்கை அளவில் ஒரு பொருக்கு கழன்று விழுந்தது. எடுத்து, கண்ணாடியைப் போட்டு, அதன் விளிம்பைப் பார்த்தேன்.

வெள்ளை, நீலம், வெள்ளை, செங்கல் நிறம், வெள்ளை, மஞ்சள், திரும்பவும் வெள்ளை. தாளைப்போல மெல்லிய பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. நான் அங்கே கடைத் தராசில் பருப்பு நிறுத்த வருடங்களெல்லாம் இங்கே இருந்தன. நான் கலண்டர் கொழுவிய ஒவ்வொரு வெறும் சுவருக்குள்ளும் ஒரு படம் இருந்திருக்கிறது! வெளியில் ஒருவருக்கும் காட்டாமல், ஒருவரும் மெச்சாமல் இத்தனை. என்ன மனுசியப்பா நீர்! பொருக்கைக் கையில் ஏந்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

மகளை வீடியோவில் கூப்பிட்டு அந்தப் பொருக்கைக் காட்டினேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அடியுங்கோ அப்பா. அம்மாவும் அடிச்சிருப்பா" என்றாள்.

ரவியிடம் தூரிகையை வாங்கி நானே அடித்தேன். பூநாரைகளின் காலில் தொடங்கி அலகு வரைக்கும் அழுதுகொண்டுதான் அடித்தேன்.

நேற்றுச் சுவர் காய்ந்ததும் கரித்துண்டால் ஒரு கொக்குக் கீறினேன். "அப்பா, கோழி நல்ல வடிவாக் கிடக்கு" என்றாள் மகள், போனில் பார்த்துவிட்டு. உம்முடைய வாய் அப்படியே அவளுக்கு.

இன்று காலை சந்தைக்கு நடந்து போனேன். பொங்கலுக்காக வழிநெடுக எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் திரும்பிப் பார்க்காமல் கடந்து போன சுவர்கள்தான். ஒவ்வொன்றின் முன்னாலும் என் நடை தானாக மெதுவாகியது. உள்ளே யார் என்ன கீறி வைத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்?