லாம்பெண்ணெயில் ஓடும் தறி

1956 மார்ச் 23, வெள்ளி

இன்று எலக்‌ஷன் கூட்டத்தில் என் கூடப்பிறந்த மூத்தவர், காக்கா, பேசினார். பேச்சை எழுதிக் கொடுத்தது நான். எங்கள் ஆளை எதிர்த்து வோட்டுக் கேட்கிறவர் கல்முனையில் மின்தறி ஆலை கட்டி, வீட்டுக்கு ஓராளுக்கு வேலை தருவாராம்.

"ஊரில லைட்டே இல்ல. லாம்பெண்ணெய் ஊத்தியா தறி ஓட்டப் போறார்?" என்று காக்கா கேட்டதும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்த வரி என்னுடையது.

பெண்கள் நாங்கள் பக்கத்து வளவின் கிடுகு வேலிக்குப் பின்னால் நின்று கேட்டோம். அங்கேயும் சிரிப்புத்தான். சல்மா ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவர் புருஷனும் என் புருஷனைப் போலக் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறார்.

"என்னத்துக்குப் புள்ளயள் சிரிக்கிறீங்க? ஓடினா ஓடட்டும். எண்ணெய நான் தாறன்" என்றார்.

அதற்குப் பிறகு காக்கா பேசியது எதுவும், நான் எழுதியதே என்றாலும், என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காக்கா, "உன்ட வரிதான் புள்ள இண்டைக்கு ஆளக் கவுத்தது" என்றார். ஓம் என்றேன்.

அந்த ஆலை வராது. எனக்குத் தெரியாதா? ஆனால் போன கிழமை என் புருஷன் கடிதத்தில் கேட்டிருந்தார்: "ஆலை வருமாமே, மெய்தானா? வந்தால் நானும் ஊரோடு வந்துவிடுவேன்." பெருநாளுக்கு நாலு நாள் வந்து போகிற மனுஷன்.

பதில் எழுத உட்கார்ந்தேன். மேடைக்கு அத்தனை சுலபமாக எழுதிய கைக்கு, "வராது" என்ற ஒரு சொல் எழுத வரவில்லை.

லாம்பில் எண்ணெய் அடியில் கிடக்கிறது. இதையும் அந்தத் தறிக்கு ஊற்றலாம் என்றால் ஊற்றிவிட்டு, அவர் வரும்வரை இருட்டிலேயே இருப்பேன்.